யோனாவை மீனோடு நிறுத்திவிடாமல் படிப்பது எப்படி: பாம்பன் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் கரையில் யாரிடம் யோனாவைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு மீனில் ஆரம்பித்து மீனிலேயே முடிந்துவிடும். கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது இயல்புதான். யோனா, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் தீர்க்கதரிசி. நினிவே நகரத்துக்குப் போகச் சொன்ன கடவுளிடமிருந்து கப்பலேறி ஓடுகிறான், புயலில் கடலில் எறியப்பட்டு மீன்வயிற்றில் மூன்று நாள் இருக்கிறான், பிறகு நினிவேயில் பிரசங்கிக்கிறான், ஊர் திருந்திக் கடவுள் அதை அழிக்காமல் விட்டதும் கோபப்படுகிறான். ஆனால் நான்கு அதிகாரம், 48 வசனம் கொண்ட இந்தச் சின்ன நூலில் மீன் வருவது மூன்றே வசனங்களில். மீதி 45 வசனங்களில் ஒரு கப்பல் இருக்கிறது, புயல் இருக்கிறது, பகைவனின் நகரம் இருக்கிறது, ஒரு செடி, ஒரு புழு, கோபம் தணியாத ஒரு தீர்க்கதரிசி, கடைசியில் பதில் எழுதப்படாத ஒரு கேள்வி. அந்தக் கேள்விவரை போய்ச் சேருவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

தங்கச்சிமடம் பக்கத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கு மக்களின் சிறு குழு) சில வருஷமாக விவிலிய வகுப்பு எடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கடல் தொழிலாளிகள். பாசி எடுக்கப் போகும் அக்காமார் நாலைந்து பேர் உண்டு. யோனாவை முதல்முறை நடத்தியபோது நான் செய்த தப்பு, விளக்கத்தில் தொடங்கியது. “யோனா என்றால் கிறிஸ்துவுக்கு முன்னடையாளம்” என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். அதோடு கதை செத்துப்போனது. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போது வேறு வரிசையில் போகிறோம். முதலில் எழுத்து, அப்புறம் இடம், அப்புறம் யூதர்கள் வாசித்த விதம், அதற்கப்புறம் கிறிஸ்தவர்கள் வாசித்த விதம், எல்லாம் முடிந்தபின் நம் கரை. ரூத், யோபு என்று எந்தக் கதைக்கும் இதே வரிசை ஒத்துவரும். யோனா சிறியது என்பதால் இதில் பழகிக்கொள்வது சுலபம்.

முதல் படி: ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள்

முழு நூலையும் வாய்விட்டு வாசிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போது யோசனை எங்கே தட்டி நிற்கிறதோ அதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் வேண்டாம், கேள்வி போதும்.

இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர் வீடுகளில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கும். சபைக்காரர் என்னும் புராட்டஸ்டாந்தினர் வீடுகளில் பழைய பரிசுத்த வேதாகமம் இருக்கும். ஒன்று “ஆண்டவர்” என்னும், மற்றது “கர்த்தர்” என்னும். வசன எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மீன் விழுங்குகிற வசனம் பழைய வேதாகமத்தில் முதல் அதிகாரத்தின் 17ஆம் வசனம். எபிரேய மூலத்தில் அதுவே இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம். யூத உரைகளைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் வசனம் கிடைக்காமல் தடுமாறுவார்கள்.

இரண்டாம் படி: திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பிடியுங்கள்

எபிரேயக் கதைசொல்லிகள் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்வது குறைவு. அதற்குப் பதிலாக ஒரே சொல்லை வெவ்வேறு இடத்தில் போட்டுப் போட்டுக் காதில் ஏற்றுவார்கள். யோனாவில் அப்படி நான்கு சொற்கள் முக்கியம்.

முதலாவது, இறங்குதல். யோனா யோப்பாவுக்கு இறங்குகிறான், கப்பலுக்குள் இறங்குகிறான், கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கித் தூங்குகிறான், இரண்டாம் அதிகார ஜெபத்தில் மலைகளின் அடிவாரம்வரை இறங்கினேன் என்கிறான். மூலத்தில் எல்லாம் ஒரே வினை. தமிழில் சில இடங்களில் அது “போனான்” என்று ஆகிவிடுவதால் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. கடவுளிடமிருந்து ஓடுகிறவன் ஒவ்வொரு படியாகக் கீழே போகிறான். கடல் அவனை இழுப்பதற்கு முன்பே அவன் பாதி ஆழம் போய்விட்டான்.

இரண்டாவது, பெரிய. பெரிய நகரம், பெரிய காற்று, பெரிய பயம், பெரிய மீன் என்று இந்தச் சொல் 14 முறை வருகிறது. மூன்றாவது, நியமித்தல். கடவுள் மீனை நியமிக்கிறார், செடியை நியமிக்கிறார், புழுவை நியமிக்கிறார், காற்றை நியமிக்கிறார். நான்குக்கும் ஒரே வினை. பெரிய மீன் செய்ததும் சின்னப் புழு செய்ததும் ஒரே மாதிரி வேலைதான் என்று கதை சொல்கிறது. மீனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் புழுவைத் தவறவிட்டு விடுவார்கள்.

நான்காவது சொல்லில்தான் எனக்குப் பிரியம் அதிகம். நினிவேயில் யோனா செய்த பிரசங்கம் எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். தமிழில் “இன்னும் நாற்பது நாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்.” இந்தக் “கவிழ்தல்”, கடவுள் அழித்த சோதோம் நகரத்துக்கு நடந்த அழிவைச் சொல்லும் அதே எபிரேய வினை. ஆனால் அதே வினைக்கு மாறுதல், புரளுதல் என்ற பொருளும் உண்டு. யூதர்களின் பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தால்மூதில், சன்ஹெத்ரின் என்ற பகுதியில், ரபிகள் என்னும் யூத வேத ஆசிரியர்கள் இதைக் கவனித்துச் சொல்கிறார்கள்: நினிவே கவிழும் என்று சொல்லி அனுப்பப்பட்டான், அது தீமைக்கா நன்மைக்கா என்று யோனாவுக்கே விளங்கவில்லை. நகரம் கவிழத்தான் செய்தது. வள்ளம் கவிழ்வதுபோல அல்ல, மனசு புரள்வதுபோல. சொன்னவனுக்கே தெரியாமல் அவன் சொல் பலித்தது. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது, படகு கவிழ்ந்து தப்பி வந்த ஒரு தம்பி, “கவிழ்ந்து எழுந்தவன் பழைய ஆளா இருக்க மாட்டான்” என்றான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: கதையின் காற்றையும் கரையையும் அதன் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் நாம் எல்லோரும் வழுக்குவோம், கடற்கரைக்காரர்கள் இன்னும் கூடுதலாக. நமக்குக் கடல் தெரியும் என்பதால் அந்தக் கடலும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு உதாரணம். நான்காம் அதிகாரத்தில் செடி பட்டுப்போனபின் கடவுள் “உஷ்ணமான கீழ்க்காற்றை” அனுப்புகிறார். வெயில் தலையில் படப் பட யோனா சோர்ந்து சாகக் கேட்கிறான். நம் ஊரில் கீழ்க்காற்று என்றால் கொண்டல். ஈரத்தோடு வரும், மழை கொண்டுவரும். மேகத்துக்கே கொண்டல் என்று ஒரு பெயர் உண்டு. பழைய தமிழில் சுடுகிற மேல்காற்றுக்குத்தான் கோடை என்று பெயர். அதனால் இந்த வசனத்தைக் கேட்ட ஒரு பெரியவர், “கீழ்க்காற்று அடிச்சா ஆள் பிழைச்சுக்குவானே, ஏன் சாகக் கேக்குறான்?” என்றார். நியாயமான கேள்வி. பதில் நிலப்படத்தில் இருக்கிறது. நமக்குக் கிழக்கே கடல். அந்த நாடுகளில் கிழக்கிலிருந்து வரும் காற்று பாலைவனத்தைத் தாண்டி வருகிறது. அங்கே கீழ்க்காற்று பயிரைக் கருக்கும். யோசேப்பு கதையில் எகிப்து ராஜா பார்வோன் கண்ட கனவிலும் கதிர்களைத் தீய்ப்பது இதே கீழ்க்காற்றுதான்.

தூரத்தையும் பாருங்கள். யோப்பா இன்றைய இஸ்ரேலின் மேற்குக் கரையில் இருக்கும் யாப்பா. நினிவே, ஈராக்கில் மோசூல் நகரத்தை ஒட்டி, திக்ரீஸ் ஆற்றங்கரையில் இருந்த நகரம். இரண்டுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 900 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து சென்னைக்குப் பறந்து போய்த் திரும்பி வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான படங்களில் மீன் யோனாவை நினிவேயின் வாசலிலேயே துப்பும். உண்மையில் கரையில் விழுந்தவன் வாரக்கணக்காக நடந்திருக்க வேண்டும். திரும்பி ஓட அத்தனை நாள் வாய்ப்பு இருந்தும் இந்தமுறை ஓடவில்லை. தர்ஷீஸ் எங்கே என்பதில் கருத்து பலவாறு உண்டு. ஸ்பெயினின் தென்கரை என்பது பரவலான கருத்து. எதுவானாலும் நினிவே கிழக்கு, அவன் ஏறிய கப்பல் மேற்கு.

எல்லாவற்றையும்விட முக்கியம், நினிவே யாருடைய நகரம் என்பது. அசீரியப் பேரரசு கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரேலை அழித்துச் சனங்களை நாடு கடத்தியது. கி.மு. 701இல் சனகெரிப் மன்னன் தெற்கே இருந்த யூதா நாட்டின் லாகீஸ் நகரத்தைப் பிடித்ததைக் கல்லில் செதுக்கி, நினிவே அரண்மனைச் சுவரில் பதித்து வைத்தான். அந்தக் கற்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கழுவில் ஏற்றப்பட்டவர்களையும், மாட்டுவண்டியில் மூட்டையோடு நாடு கடத்தப்படும் குடும்பங்களையும் அவற்றில் பார்க்கலாம். இந்தக் கதையை முதலில் கேட்டவர்களுக்கு “நினிவே” என்ற பெயரே புண்ணில் கை வைத்தது போல இருந்திருக்கும். இது தெரியாமல் வாசித்தால் யோனா வெறும் வீம்புக்காரனாகத் தெரிவான்.

நான்காம் படி: இது எந்த வகை எழுத்து என்று கேளுங்கள்

அமித்தாயின் குமாரன் யோனா என்ற தீர்க்கதரிசி இரண்டாம் இராஜாக்கள் 14:25இல் வருகிறார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இஸ்ரேல் மன்னன் இரண்டாம் யெரொபெயாம் காலம். ஆனால் யோனா நூல் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தி, யூதர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்டது என்று அதன் மொழிநடையை வைத்துப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நடந்த வரலாறு என்று நம்புகிறவர்களும் உண்டு, போதனைக் கதை என்று கொள்கிறவர்களும் உண்டு. இருவரும் யூதரிலும் உண்டு, கிறிஸ்தவரிலும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டிலேயே, எழுதியவர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது.

மனுஷன் மீன் வயிற்றில் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்ற விவாதத்துக்கு என் வகுப்பில் பத்து நிமிஷம்தான். தடை செய்யவில்லை, ஆனால் அதிலேயே மாலை முழுக்கப் போய்விட்டால் நான்காம் அதிகாரத்தைத் திறக்கவே நேரம் இருக்காது. திமிங்கலம் என்று பலர் சொல்கிறோம். எபிரேயத்தில் இருப்பது “பெரிய மீன்” மட்டும்தான்.

ஐந்தாம் படி: யூதர்களோடு உட்கார்ந்து இடைவெளிகளைக் கேளுங்கள்

இந்த நூல் முதலில் அவர்களுடையது. கிறிஸ்தவ வாசிப்புக்குத் தாவுமுன் இங்கே தாராளமாக நேரம் செலவிடுங்கள்.

யூத மரபில் வேதவாசிப்புக்கு இரண்டு பழக்கமான வழிகள் உண்டு. பெஷாத் என்பது வசனம் நேராகச் சொல்லும் பொருள். தெராஷ் என்பது வசனத்தில் விடுபட்ட இடத்தை, உறுத்தும் சொல்லைத் தோண்டி எடுக்கும் பொருள். அப்படித் தோண்டியெடுத்த விளக்கங்களும் கதைகளும்தான் மித்ராஷ். ரபிகள் கற்பனையாக எதையோ சேர்க்கிறார்கள் என்று முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கற்பனைக்கும் கீழே எழுத்தில் ஒரு முள் இருக்கும்.

யோனா கப்பலுக்குக் கூலி கொடுத்தான் என்கிறது வசனம். எபிரேயத்தில் “அதன் கூலி” என்று இருக்கிறது. “தன் கூலி” அல்லவே, ஏன்? தால்மூதின் நெதாரிம் பகுதியில் பதில் வருகிறது: கப்பல் முழுவதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்தான். ஒரு ரபி அது 4,000 பொன் தினார் என்று கணக்கே சொல்கிறார். எங்கள் ஆட்களுக்கு இது உடனே பிடித்துக்கொண்டது. ஒரு ஆள் சவாரிக்குப் படகு முழுவதையும் பேசி எடுப்பவன் எவ்வளவு அவசரத்தில் இருப்பான்!

இன்னொன்று. கடலில் என்னைத் தூக்கிப் போடுங்கள் என்று யோனா சொன்னபிறகும் கப்பலாட்கள் போடவில்லை. கரைசேரத் தண்டு வலிக்கிறார்கள். மூலத்தில் அங்கே இருப்பது “தோண்டினார்கள்” என்ற சொல். துடுப்பு தண்ணீரைத் தோண்டுகிறது. பிர்கே தெ ரபி எலியேசர் என்ற பழைய மித்ராஷ் நூல் இந்தத் தயக்கத்தை விரித்துச் சொல்கிறது. அவனை முழங்கால்வரை தண்ணீரில் இறக்கினார்கள், கடல் அடங்கியது. மேலே தூக்கினார்கள், மறுபடி கொந்தளித்தது. தொப்புள்வரை இறக்கினார்கள், அடங்கியது. தூக்கினார்கள், கொந்தளித்தது. கழுத்துவரை இறக்கினார்கள். அதற்கும் பிறகுதான் விட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, ஐம்பது வருஷம் கடல் பார்த்த ஒரு பெரியவர் சொன்னது எனக்கு எந்த உரையிலும் கிடைக்காதது. “தம்பி, காத்து ஏறினபிறகு கரையப் பாத்து வலிக்கிறது உயிர் போற வேலை. அலை உடையிற இடத்துலதான் படகு போகும். வெளிக்கடல்லயே கிடந்தா தப்பிக்கலாம். அது தெரிஞ்சும், பேர் ஊர் தெரியாத ஒருத்தனுக்காகக் கரைக்கு வலிச்சிருக்காங்க.” அந்தக் கப்பலில் யோனாவின் கடவுளை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒற்றை ஆளைக் காப்பாற்றத் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். கடவுளை அறிந்தவனோ ஒரு நகரமே அழியட்டும் என்று இருந்தான். கதை இந்த ஒப்பீட்டை வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

இரண்டாம் அதிகாரத்தில் “கடற்பாசி என் தலையைச் சுற்றிக்கொண்டது” என்று ஒரு வரி. பாசி எடுக்கும் அக்காமார் இதில் நின்றுவிட்டார்கள். தீவுப் பக்கம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்கள் அவர்கள். “தலையில சுத்துச்சுன்னா அவன் அடி தொட்டுட்டான்னு அர்த்தம். பாசி மேல மிதக்குறப்ப சுத்தாது, வேரோட நிக்கிற இடத்துலதான் சுத்தும்” என்றார் ஒருவர். இது பெஷாத். அதே வரியில் தெராஷ் எப்படி நடக்கிறது பாருங்கள். பாசிக்கு எபிரேயச் சொல் சூப். செங்கடலுக்கு எபிரேயப் பெயர் யாம் சூப். இரண்டிலும் அதே சொல். உடனே மித்ராஷ் சொல்கிறது: மீன் யோனாவைக் கடலுக்கடியில் கூட்டிப்போய், இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்து போன பாதையைக் காட்டியது. ஓடிப்போன தீர்க்கதரிசிக்குத் தன் மக்கள் காப்பாற்றப்பட்ட பழைய வழி காட்டப்படுகிறது. ஒரு பாசி இழையைப் பிடித்துக்கொண்டு ரபிகள் அங்கே போய்விட்டார்கள்.

யோனா ஏன் ஓடினான்? மெக்கில்தா என்ற பழைய ரபிமார் நூல் தரும் காரணம் ஆழமானது. புறஜாதியார் என்னும் யூதரல்லாதவர்கள் சீக்கிரம் மனந்திரும்பிவிடுவார்கள், அப்போது திரும்பாத இஸ்ரயேலுக்குக் குற்றம் கூடும் என்று பயந்தான். தகப்பனான கடவுளின் மானத்தைவிடப் பிள்ளையான இஸ்ரயேலின் மானத்தைப் பார்த்தான் என்கிறது அந்த நூல். யோனாவே 4:2இல் தன் காரணத்தைச் சொல்கிறான்: நீர் இரக்கமுள்ளவர், அது தெரிந்துதான் ஓடினேன். இந்த வரி யாத்திராகமம் 34:6இன் எதிரொலி. அங்கே “மிகுந்த தயையும் சத்தியமும்” என்று வருவதில் இங்கே சத்தியம் விடுபட்டு, அந்த இடத்தில் “தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்” என்று வருகிறது. யோனாவின் தகப்பன் பெயர் அமித்தாய். அந்தப் பெயர் பிறந்த வேர்ச்சொல் சத்தியம். சத்தியத்தின் பிள்ளை, இரக்கம் சத்தியத்தை விழுங்கிவிட்டது என்று மனம் கசந்து நிற்கிறான்.

யூதர்கள் இந்த நூலை எப்போது வாசிக்கிறார்கள் என்பதும் ஒரு விளக்கம்தான். யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளில், முழுநாள் உபவாசத்தின் பிற்பகல் ஜெபத்தில் முழு யோனாவையும் வாசிக்கிறார்கள். உடம்பு சோர்ந்து, நாள் சாயும் நேரம். தால்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா தொகுப்பின் தானித் பகுதி, பஞ்சகால உபவாச நாளில் மூப்பர் சொல்ல வேண்டிய வார்த்தையைத் தருகிறது: நினிவேக்காரர் துக்கத்துக்கு உடுத்திய இரட்டு என்னும் சாக்குத்துணியையும் உபவாசத்தையும் கடவுள் கண்டார் என்று எழுதியில்லை, பொல்லாத வழியைவிட்டுத் திரும்பிய அவர்கள் செய்கையைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது. தால்மூத் அதற்கு ஒரு படம் வரைகிறது. திருடிய உத்திரத்தை வைத்து ஒருவன் மாளிகை கட்டியிருந்தால், மாளிகையை இடித்து உத்திரத்தை உரியவனிடம் கொடுத்தான் என்று. இரட்டு உடுத்துவது சுலபம், கட்டிய வீட்டை இடிப்பது அப்படியா?

ஆறாம் படி: கிறிஸ்தவ வாசிப்புக்கு இப்போது வாருங்கள், ஆனால் ஒற்றைக் குரல் என்று நினைக்காதீர்கள்

இயேசு “யோனாவின் அடையாளம்” என்று சொன்னதை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். மத்தேயு 12இல் அடையாளம் மீன்வயிறு: யோனா மூன்று நாள் இருந்ததுபோல மனுஷகுமாரன், அதாவது இயேசு, பூமியின் இருதயத்தில் இருப்பார். லூக்கா 11இல் மீன் என்ற பேச்சே இல்லை. நினிவேயாருக்கு யோனாவே அடையாளமாக இருந்தான், அவன் பிரசங்கத்தைக் கேட்டு அவர்கள் திரும்பினார்கள் என்பதோடு சரி. ஒரே வாக்கு, இரண்டு அழுத்தம். ஒன்று உயிர்ப்பைப் பார்க்கிறது, மற்றது மனமாற்றத்தை. தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமைத் திருப்பலியில் யோனா மூன்றாம் அதிகாரத்தோடு லூக்காவின் பகுதியைத்தான் வாசிக்கிறோம். அடுத்தமுறை கோவிலில் காது கொடுத்துக் கேளுங்கள், மீன் வராது.

இயேசு கல்லறையில் இருந்த வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு விடியல்வரை மூன்று இரவு ஆகாதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நாளின் ஒரு பகுதியை முழுநாளாக எண்ணுவது அன்றைய வழக்கம் என்பது பொதுவாகத் தரப்படும் பதில்.

ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் 3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் யோனாவைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். கடலில் எறியப்படுவது, மீன் கக்குவது, அப்புறம் பந்தலின் கீழ் நிம்மதியாகப் படுத்திருப்பது. இறந்தவர்களைப் புதைக்கும் இடத்தில் அந்தப் படம் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

இனி செடி. யோனாவுக்கு நிழல் தந்த செடிக்கு எபிரேயத்தில் கிகாயோன் என்று பெயர். பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளில் அது சுரைக்கொடி என்று இருந்தது. எரோணிமுஸ் என்ற பழைய வேத அறிஞர் ஜெரோம் எபிரேயத்திலிருந்து புதிதாக லத்தீனில் பெயர்த்தபோது ஐவி என்னும் படர்கொடியின் பெயரைப் போட்டார். இன்றைய லிபியாவில் ஒரு சபையில் ஆயர் அதை வாசித்ததும் சனங்கள் கொந்தளித்துவிட்டார்கள். தலைமுறையாகக் கேட்ட சொல் மாறிவிட்டதே என்று கூச்சல். ஆயர் சபையையே இழக்கும் நிலை வந்தது. வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் 403 வாக்கில் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். ஜெரோம் தன் உரையில் செடியை வர்ணிக்கிறார்: அகன்ற இலை, அடர்ந்த நிழல், பிடிப்பில்லாமல் தன் தண்டிலேயே நிற்கும், மணலில் சீக்கிரம் வளரும். தால்மூதும் அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பதைச் சொல்கிறது. இதை வாசித்தால் நமக்குச் சந்தேகமே வராது. ஆமணக்கு! நம் தமிழ் வேதாகமத்தில் ஆமணக்குச் செடி என்றுதான் இருக்கிறது. அவர்கள் சண்டை போட்ட இடத்தை நாம் வேலியோரம் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம். ஒரு ஆமணக்கு இலையைப் பறித்து வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பேசி முடிப்பதற்குள் வாடித் தொங்கிவிடும். நான் கொண்டுபோனேன், அதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது.

நகரத்துக்கு வெளியே ஏற்கெனவே குடிசை போட்டு உட்கார்ந்த யோனாவுக்குச் செடி எதற்கு என்றும் கேட்கிறார்கள். வேய்ந்த இலை காய்ந்திருக்கும் என்று யூத உரைகளில் ஒரு பதில் உண்டு. பனை ஓலை வேய்ந்து பழகிய நமக்கு இது சட்டென்று தோன்றாது, ஓலை காய்ந்தாலும் நிழல் தரும். இலைதழை அப்படியல்ல.

இந்தப் படியில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பழைய கிறிஸ்தவ உரைகளில் சில, யோனாவைப் பொறாமைபிடித்த யூதனின் உருவமாகவும் நினிவேயை நல்ல கிறிஸ்தவனாகவும் ஆக்கிவிட்டன. பிரசங்கங்களில் இன்றும் அந்தச் சாயல் தலைகாட்டுகிறது. யூதர்களே எழுதி, தங்கள் புனித நாளில் தங்களையே சோதிக்க வாசிக்கும் நூலைக் கொண்டு அவர்களையே அடிப்பது பெரிய அநியாயம். யோனாவின் இடத்தில் எப்போதும் வாசிக்கிறவர்தான் நிற்க வேண்டும்.

கேரளத்தில் சுரியானி மரபுக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்துக்கு முன்பே “மூன்று நோன்பு” என்று நினிவேயின் நினைவாக மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். நம் பக்கம் அது இல்லை.

ஏழாம் படி: பக்கத்து வீட்டையும் கேளுங்கள்

கீழக்கரை, வேதாளை, பாம்பன் என்று இந்தக் கரை நெடுக முஸ்லிம் வீடுகள். அவர்களுக்கு இவர் யூனுஸ் நபி. குர்ஆனின் பத்தாவது அத்தியாயத்துக்கே அவர் பெயர். மீன்வயிற்றின் இருட்டில் அவர் செய்த துஆ என்னும் பிரார்த்தனையை, கஷ்டம் வரும்போது ஓதுகிற குடும்பங்கள் நிறைய. 37ஆம் அத்தியாயத்தில் மீனிலிருந்து கரையில் விழுந்த நோயாளிமேல் ஒரு கொடி முளைக்கிறது. அங்கே செடி மருந்து மாதிரி வருகிறது, நம் நூலில் பாடம் நடத்த வருகிறது. அனுப்பப்பட்ட இடத்தின் மக்கள்தொகையும் உண்டு: “ஒரு இலட்சம் அல்லது அதற்கும் அதிகம்.” கூட வலை இழுக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சாக இருக்கும்.

எட்டாம் படி: யோனாவின் கோபத்தோடு உட்காருங்கள்

இதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். முதலில் நாகூம் நூலை வாசியுங்கள். மூன்றே அதிகாரம். அதுவும் நினிவேயைப் பற்றித்தான், நினிவேயின் அழிவைக் கொண்டாடும் நூல். நகரம் கி.மு. 612இல் உண்மையிலேயே விழுந்தது. விவிலியத்தில் நாகூமும் யோனாவும் கேள்வியில் முடிகிற நூல்கள். உன் கொடுமை யார்மேல்தான் பாயாமல் இருந்தது என்று நாகூம் முடிகிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று யோனா முடிகிறது. இரண்டு கேள்வியும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

கடைசி வசனத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். விளக்காதீர்கள். யோனா என்ன பதில் சொன்னான் என்று நூல் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். பேச விரும்புகிறவர் பேசட்டும்.

எங்கள் கூட்டத்தில் அன்று பேசியவர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகு எதிர்க்கரையான இலங்கையில் கிடந்து மக்கிப்போனவர். கடன் இன்னும் அடையவில்லை. “யோனா சொன்னதுல என்ன தப்பு?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அந்தக் கரையிலயும் பிள்ளைகுட்டிக்காரங்க இருக்காங்க, அது தெரியுது. மனசுதான் ஒப்ப மாட்டேங்குது” என்றார். நான் குறிப்பெடுத்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

யூதர்கள் யோம் கிப்பூரில் யோனாவை முடித்ததும் மீகா நூலின் கடைசி மூன்று வசனங்களைச் சேர்த்து வாசிப்பார்கள். நாங்களும் அதையே செய்கிறோம். அன்று அந்த அண்ணனையே வாசிக்கச் சொன்னோம். “நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார்” என்ற இடத்தில் நிறுத்தினார்.

“ஆழம்னா எத்தனை பாகம் இருக்கும் தம்பி?”

தெரியலையே அண்ணே என்றேன்.

“ஆழமில்லாத வடகடல்ல போட்டா வலையில மாட்டி மேல வந்துரும். தென்கடல்லதான் போட்டிருப்பாரு” என்று சொல்லிவிட்டு, மீதி வசனத்தை வாசித்தார்.